வாயால் வேலைக்கு வைத்தவரும் வாயால் அனுப்பியவரும்

வேலைக்கு ஆள் வைத்திருப்போருக்கான கேள்வி பதில்

கோவையில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் 31 வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், பிஎஃப் கணக்கு, குற்றச்சாட்டுக் குறிப்பாணை எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். மில்லை மூடிய பிறகு கடை, பட்டறை, கிளினிக் வைத்திருக்கும் சின்ன முதலாளிகளுக்குப் பதிவேடு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வக்கீல் இல்லை. வக்கீலிடம் போகும் அளவுக்கு விவகாரம் முற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. "புதுச் சட்டம் வந்துவிட்டதாமே, பழையது எதுவும் செல்லாதா?" 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்று நான்கு. 29 மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. ஆனால் கடைக்காரர்களும் அலுவலகம் நடத்துபவர்களும் தினமும் முட்டிக்கொள்ளும் 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் மாநிலச் சட்டம். அது அப்படியேதான் இருக்கிறது. ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு 10 பேர், பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதிக்கு 20 பேர் வேலை பார்த்தால் சேர வேண்டும் என்ற கணக்கும் மாறவில்லை. சரி, கடிதங்களுக்குப் போவோம். நீளமாக இருந்தவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், 14 பேர் வேலை பார்க்கிறார்கள். ஆறு வருஷமாக இருந்த சேல்ஸ்மேன் ஒருவர் தன் சொந்தக்காரர்களுக்கு இல்லாத தள்ளுபடியைப் போட்டுத் துணி கொடுத்ததைக் கேமராவில் பார்த்தேன். அன்று ராத்திரியே "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது தொழிலாளர் துறையிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. தப்பு செய்தவன் அவன், நோட்டீஸ் எனக்கா?

பதில்: உங்களுக்குத்தான். கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவை ஒரு முறை படித்துப் பாருங்கள், அரைப் பக்கம்தான். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் அனுப்பக்கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனம்தான் காரணம் என்றால் நோட்டீஸ் தேவையில்லை, ஆனால் அதற்காகவே ஒரு விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்து, அதில் குற்றம் தெளிவாகியிருக்க வேண்டும். நீங்கள் நோட்டீஸும் தரவில்லை, விசாரணையும் நடத்தவில்லை. அவர் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டார். அங்கே முதலில் கேட்கப்போவது அவர் துணி கொடுத்தாரா இல்லையா என்பதை இல்லை. "விசாரணைக் கோப்பு எங்கே?" என்றுதான் கேட்பார்கள்.

விசாரணை என்றதும் கோர்ட்டு மாதிரி நினைத்துப் பயப்படுகிறார்கள். பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. நடந்த அன்றே கேமரா பதிவைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். சில நாள் போனால் அந்தப் பெட்டி பழையதை அழித்துவிட்டு மேலேயே எழுதிக்கொள்ளும். அப்புறம் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. "நீ நேர்மை தவறி நடந்துகொண்டாய்" என்று எழுதினால் அது குற்றச்சாட்டு ஆகாது, வசவு. எந்தத் தேதி, எத்தனை மணி, பில் எண் என்ன, எந்தத் துணி எத்தனை மீட்டர், போட்ட விலை என்ன, போட்டிருக்க வேண்டிய விலை என்ன, இப்படி எழுத வேண்டும். பதில் தர ஒரு வாரமாவது அவகாசம் கொடுக்க வேண்டும். கையில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே கோப்பில் வையுங்கள்.

விசாரிப்பவர் யார் என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். எங்கள் மில்லில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தொழிலாளி ஷிப்ட் முடிந்து போகும்போது தூக்குப்போசிக்குள் நாலு நூல் கதிரை வைத்திருந்தார். கேட்டில் பிடிபட்டார். ஸ்பின்னிங் மாஸ்டர் ஓடி வந்து போசியைத் திறந்து கதிரை எடுத்தார். மறுநாள் குற்றச்சாட்டில் கையெழுத்துப் போட்டவர் அவரே. விசாரணை அதிகாரியாக நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரே. பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவன் நான். எனக்கு அப்போது 26 வயது, "சார், இது சரியில்லையே" என்று சொல்ல வாய் வரவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் மூன்றே கேள்விதான் கேட்டார். பார்த்தது யார், குற்றம் சாட்டியது யார், தீர்ப்புச் சொன்னது யார்? மூன்றுக்கும் ஒரே பெயர். அந்தத் தொழிலாளியை இடைப்பட்ட காலச் சம்பளத்தோடு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நாலு கதிரும் சேர்ந்து கால் கிலோ தேறாது.

அதனால் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை, ஒரு வக்கீலோ ஓய்வுபெற்ற அலுவலரோ யாராவது ஒருவரை, விசாரணை அதிகாரியாகப் போடுங்கள். நீங்கள் சாட்சியாக மட்டும் வாருங்கள். உங்களையும் பில் போட்டவரையும் அந்த ஊழியர் குறுக்கே கேள்வி கேட்க விட வேண்டும், அது எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. விசாரணை அறிக்கையின் நகலை அவரிடம் கொடுத்து, "இதற்கு என்ன சொல்கிறாய், இந்தத் தண்டனையை ஏன் தரக்கூடாது?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் இறுதி ஆணை. அதுவரை அவர் கடைக்குள் இருக்கக்கூடாது என்று நினைத்தால் தற்காலிகப் பணிநீக்கம் செய்யலாம். ஆனால் பிழைப்பூதியம் கொடுக்க வேண்டும், முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால். அதைக் கொடுக்காமல் நடத்திய விசாரணையை உடைப்பது சுலபம்.

இதெல்லாம் அடுத்த முறைக்கு. இந்த முறை என் யோசனை, வீம்பு பிடிக்காமல் எழுத்து மூலமாகச் சமரசம் செய்துகொள்ளுங்கள். ஒரு மாத நோட்டீஸ் சம்பளம், வேலை பார்த்த நாளுக்குச் சம்பளம், மீதமுள்ள விடுப்புக்குப் பணம், ஆறு வருஷத்துக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி). "திருடனுக்குப் பணிக்கொடையா?" என்று கேட்பீர்கள். நிறுவனத்துக்கு நட்டம் வைத்ததற்காகப் பணி நீக்கியிருந்தால் அந்த நட்டத்தின் அளவுக்குப் பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் நிரூபணம் வேண்டும், எழுத்தில் ஆணை வேண்டும். மறுபடியும் கோப்பில்தான் வந்து நிற்கிறோம்.

கேள்வி: கரூரில் வீட்டு உபயோகத் துணி தைக்கும் யூனிட். என் பெயரில் 12 பேர், மனைவி பெயரில் பக்கத்து ஷெட்டில் 7 பேர். பேக்கிங்குக்குக் காண்ட்ராக்டர் மூலம் 6 பெண்கள் வருகிறார்கள். யாரும் 20-ஐத் தாண்டவில்லை, அதனால் பிஎஃப் வராது என்று எங்கள் கணக்கர் சொல்கிறார். சரியா?

பதில்: 12, 7, 6. கூட்டிப் பாருங்கள். 25 வருகிறது.

காண்ட்ராக்டர் மூலம் வருகிறவர்களும் தலைக்கணக்கில் சேர்வார்கள். ஒரே நிர்வாகம், ஒரே கணக்கு, ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு ஆள் போய் வருவது, இதெல்லாம் இருந்தால் இரண்டு பெயர்ப்பலகையையும் ஒரே நிறுவனமாகத்தான் பார்ப்பார்கள். காண்ட்ராக்டர் பிஎஃப் கட்டாமல் ஓடிவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் அது உங்கள் தலையில்தான் விழும். 19-லேயே நிறுத்தி வைக்கிறேன் என்று மாதாமாதம் ஆள் கணக்குப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கவலையில் போகிற தூக்கத்துக்கே பிஎஃப் கட்டிவிடலாம்.

பிஎஃப் இருக்கட்டும், எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஈஎஸ்ஐ. அதற்கு 10 பேர் போதும். உங்கள் பெயரிலுள்ள 12 பேருக்கே வந்தாயிற்று. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் எல்லாரும் அதில் சேர வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25 சதவீதம். 14,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அவர் பங்கு 105, உங்கள் பங்கு 455. அந்த 455-ஐ மிச்சம் பிடிப்பதால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

30 வயதுக்காரர் ஒருவர் கட்டிங் மெஷினில் மின்சாரம் தாக்கி இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நடக்கிறதுதானே. ஈஎஸ்ஐ இருந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் சார்ந்தோர் உதவித்தொகை அங்கிருந்து போகும். இல்லாத இடத்தில் இழப்பீட்டுக் கணக்கு எப்படி என்றால், மாதச் சம்பளத்தில் பாதி 7,000, அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு 207.98. ஆக மொத்தம் 14,55,860 ரூபாய். உங்கள் மாதப் பங்கு 455 என்றால் இது எத்தனை வருஷத்துப் பங்கு என்று உங்கள் கணக்கரையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சம்பளத்தில் பிஎஃப் பிடித்துவிட்டு, "இந்த மாதம் டைட்டாக இருக்கிறது, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம்" என்று வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்வது வெறும் பாக்கியாகப் போகாது, நம்பிக்கை மோசடி என்று போலீஸ் வரைக்கும் போகக்கூடிய குற்றம். அந்தப் பணம் உங்கள் பையில் இருந்தாலும் உங்களுடையது இல்லை.

கேள்வி: மதுரையில் ஸ்கேன் சென்டர் நடத்துகிறேன். டெக்னீஷியன்களுக்கு நாங்களே பயிற்சி கொடுக்கிறோம். இரண்டு வருஷம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 3 லட்சம் தர வேண்டும் என்று பாண்டு வாங்குகிறோம். பாதுகாப்புக்காக ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்திருக்கிறோம். எட்டு மாதத்தில் ஒருவர் போய்விட்டார். சான்றிதழைத் தராமல் இருக்கலாமா?

பதில்: இந்த இதழைக் கீழே வைத்ததும் முதல் வேலையாகச் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போனவருடையதை மட்டும் இல்லை, எல்லாருடையதையும். இன்னொருவரின் மார்க் ஷீட்டைப் பிணையாகப் பிடித்து வைக்கும் உரிமையை எந்தச் சட்டமும் உங்களுக்குத் தரவில்லை. சரிபார்த்து, நகல் எடுத்துக்கொண்டு, ஒரிஜினலைக் கையோடு தந்துவிட வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர் இப்படித்தான் பதினோரு பேர் சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் திறந்து பார்த்தால் ஒரு டிப்ளமோவைக் கரையான் ஓரத்திலிருந்து முத்திரை வரை தின்றிருந்தது. மாற்றுச் சான்றிதழுக்கு அலைந்தது அந்தப் பையன் இல்லை, முதலாளிதான். நான்கு மாதம் ஆயிற்று.

பாண்டு விஷயம் வேறு. அது செல்லவே செல்லாது என்று சிலர் சொல்வதும் தப்பு, கையெழுத்துப் போட்டுவிட்டார், அதனால் 3 லட்சமும் வரும் என்று நீங்கள் நினைப்பதும் தப்பு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருஷம் இருக்க வேண்டும் அல்லது 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று சொன்னது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு, வேறு எங்கும் வேலை பார்க்கவே கூடாது என்று தடுப்பது ஆகாது என்று பார்த்தார்கள். புதிதாக ஆள் எடுப்பதற்கு வங்கிக்கு ஆகும் செலவையும் அந்த ஊழியர் வாங்கிய சம்பளத்தையும் எடைபோட்டார்கள்.

உங்கள் டெக்னீஷியனின் சம்பளம் 16,000 என்று எழுதியிருக்கிறீர்கள். 3 லட்சம் என்பது அவருடைய ஒன்றரை வருஷச் சம்பளத்துக்கும் மேல். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் எந்தத் தொகை போட்டிருந்தாலும் அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். பயிற்சிக்கு வெளியே அனுப்பினீர்களா? கட்டணம் கட்டிய ரசீது இருக்கிறதா? ரயில் டிக்கெட், விடுதிச் செலவு? இருந்தால் அந்தத் தொகையைக் கேளுங்கள். சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார் என்பது மட்டும்தான் பயிற்சி என்றால் விட்டுவிடுங்கள். அவர் எதிர்த் தெருவிலுள்ள சென்டரில் சேர்ந்தாலும் உங்களால் தடுக்க முடியாது. அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

கேள்வி: கோவையில் 16 பேர் உள்ள ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் மேலாளராக இருக்கிறேன். சேர்ந்து நான்கு மாதமான ஒரு பெண் தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், முதல் குழந்தை. சம்பளம் 24,000. "தகுதிகாண் காலம் முடியவில்லை, இப்போதே அனுப்பிவிட்டால் பிரச்சினை இல்லை" என்கிறார் எங்கள் முதலாளி. நான்தான் அந்தக் கடிதத்தை அடிக்க வேண்டும்.

பதில்: அடிக்காதீர்கள் அம்மா. முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தாலே பேறுகாலப் பலன் உண்டு. தகுதிகாண் காலமா, நிரந்தரமா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. நான்கு மாதத்தில் ஞாயிறும் பண்டிகையும் போக எப்படியும் 80-ஐத் தாண்டியிருப்பார். கர்ப்பமாக இருக்கும்போது வேலையைவிட்டு அனுப்பினாலும் அந்தப் பணத்தைக் கொடுக்கும் பொறுப்பு போகாது. ஆக உங்கள் முதலாளி நினைக்கும் மிச்சம் மிச்சமே இல்லை.

முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தை இருந்தால் 12 வாரம். சம்பளம் 21,000-க்குள் இருந்திருந்தால் ஈஎஸ்ஐ பார்த்துக்கொண்டிருக்கும். இவருக்கு 24,000 என்பதால் அலுவலகம்தான் தர வேண்டும், ஆறு மாதத்துக்குச் சுமார் 1,44,000. சின்ன அலுவலகத்துக்கு அது பெரிய தொகைதான், நான் மறுக்கவில்லை. இந்தச் சுமையை முழுக்க முதலாளி மேல் வைத்ததால்தான் சிலர் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குகிறார்கள், அரசும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் சட்டம் இன்று இப்படி இருக்கிறது. இன்னும் ஐந்து மாதம் கையில் இருக்கிறது. மாதம் 24,000 என்று இப்போதே எடுத்து வைக்கத் தொடங்கலாம், அவர் வேலையை யார் பார்ப்பது என்றும் முடிவு செய்யலாம்.

கேள்வி: திருச்சியில் எலெக்ட்ரிக்கல் கடை, 12 பேர். ஏழு வருஷம் இருந்த ஸ்டோர் கீப்பர் 17-ஆம் தேதி சாவியைக் கல்லாவில் வைத்துவிட்டு, ராஜினாமாக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். நோட்டீஸ் இல்லை. அந்த 17 நாள் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். பணிக்கொடை வேறு கேட்கிறார். சம்பளம் 18,000, அதில் பேசிக் 6,000. பேசிக்குக்குத்தானே கணக்கு?

பதில்: 17 நாள் சம்பளம் அவர் உழைத்த பணம், அதை நிறுத்த முடியாது. புதிய ஊதியத் தொகுப்புப்படி ராஜினாமாவோ நீக்கமோ, இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். முன்பெல்லாம் "அடுத்த மாதம் ஏழாம் தேதி வா, கணக்கு முடிக்கிறேன்" என்போம். அந்தக் காலம் போய்விட்டது.

நோட்டீஸ் தராமல் போனதற்கு ஈடு கேட்கலாமா என்றால், ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்று அவரிடம் எழுத்தில் எங்கே சொல்லியிருக்கிறீர்கள்? கடிதத்தின் கடைசியில் "நியமனக் கடிதம் எல்லாம் நாங்கள் கொடுப்பதில்லை, எல்லாம் நம்பிக்கைதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பிக்கையை மேல்முறையீட்டில் தாக்கல் செய்ய முடியாதே. புதிய தொகுப்பில் நியமனக் கடிதம் கட்டாயம். ஒரு தாள் போதும். பெயர், பதவி, சேர்ந்த தேதி, சம்பளம் எப்படிப் பிரிகிறது, வேலை நேரம், வார விடுமுறை, நோட்டீஸ் காலம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணிக்கொடைக்கு வருவோம். கடைசியாக வாங்கிய ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பிறகு வருஷத்தால் பெருக்குவது என்ற கணக்கு பழையதுதான். மாறியது 'ஊதியம்' என்ற சொல்லின் பொருள். பேசிக்கைக் குறைத்து மீதியை வாடகைப்படி, பயணப்படி என்று பிரித்துப் போடுவது எல்லாரும் செய்த வேலை, நானும் செய்து கொடுத்திருக்கிறேன். இப்போது அந்தப் படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியத்தில் சேரும். உங்கள் ஸ்டோர் கீப்பருக்குப் படிகள் 12,000, பாதி 9,000. தாண்டிய 3,000-ஐ பேசிக்கோடு சேர்த்தால் ஊதியம் 9,000. பழைய வழியில் 24,231 வந்திருக்கும். 2025 நவம்பர் 21-க்குப் பிறகு போனவர் என்பதால் 36,346 வருகிறது. 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதமானால் வட்டியும் சேரும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுத்தவர்களுக்கு இப்போது ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி, 80 பேர். யாரும் நிரந்தரம் என்று கேட்டுவிடக்கூடாது என்பதற்காக ஐந்து மாதத்துக்கு ஒரு முறை மூன்று நாள் 'பிரேக்' கொடுத்துத் திரும்பச் சேர்க்கிறோம். இது போதும்தானே?

பதில்: போதாது. தமிழ்நாட்டில் 1981-லேயே இதற்கென்று ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி. உங்கள் கணக்குப்படி இரண்டு வருஷத்துக்கு நான்கைந்து பிரேக், மிஞ்சிப்போனால் 15 நாள். வார விடுமுறையைக் கழித்தாலும் 600 நாளுக்கு மேல் வருகிறது. அந்த மூன்று நாளில் உங்கள் ஆர்டர்தான் தாமதமாகும். வேறு எந்தப் பயனும் இல்லை.

கேள்வி: நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை. 22 பேரில் மூன்று பேர்தான் பெண்கள், மூவரும் ஆபீஸில். பாலியல் புகார்க் குழு எங்களுக்கும் வேண்டுமா? என் மனைவியைத் தலைவராகப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

பதில்: வேண்டும். 2013-ஆம் வருஷச் சட்டம் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதில்லை, மொத்தம் 10 பேர் இருந்தாலே உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். தலைவர் அங்கே வேலை பார்க்கும் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். ஊழியர்களில் இன்னும் இரண்டு பேராவது உறுப்பினர்கள், வெளியிலிருந்து தொண்டு நிறுவனம் சார்ந்த ஒருவர், மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள்.

உங்கள் மனைவி சம்பளப் பட்டியலில் இருக்கிறாரா? இல்லையென்றால் அவர் தலைவராக முடியாது. இருந்தாலும் வேண்டாம். நாளைக்கு உங்கள் தம்பி மேலேயே புகார் வந்தால் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் எந்தக் கதவைத் தட்டுவார்? கணக்கு பார்க்கும் மூத்த பெண்ணைத் தலைவராக்குங்கள், இன்னொரு பெண்ணையும் ஒரு ஃபோர்மேனையும் உறுப்பினராக்குங்கள், வெளி உறுப்பினராக ஒரு பெண்ணைத் தேடுங்கள். நான்கு பெயரையும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை ஏற்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் புகார் மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போகும்.

கேள்வி: காரைக்குடியில் பாத்திரக்கடை. விற்பனைப் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்பது சட்டமா, வெறும் பேச்சா?

பதில்: சட்டம். 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, எல்லாருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று கொண்டு வந்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். என் அக்கா ஒரு துணிக்கடையில் பதினோரு வருஷம் நின்றாள். அவள் கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடப்பதை இப்போதும் பார்க்கலாம். வாடிக்கையாளர் இல்லாத மத்தியான நேரத்தில்கூட உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பெயர் எழுதிக்கொள்வாராம்.

ஸ்டூல் வாங்கினால் மட்டும் போதாது. போன மாதம் ஒரு கடையில் பார்த்தேன், ஆறு ஸ்டூல் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார்கள். ஆறின் மேலும் குக்கர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.